பெட்டிக்குள் போன துளசி

எங்கள் பூக் கம்பெனிக்குள் யாரும் தலையில் பூ வைத்துக்கொண்டு வரக் கூடாது. அது அப்பா போட்ட சட்டம். வேலைக்கு வரும் பெண்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தலையிலிருக்கும் பூவையும் கழற்றி, அங்கே ஆணியில் தொங்கும் பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சாயங்காலம் போகும்போது எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் பிச்சிப்பூவெல்லாம் வதங்கிச் சுருண்டுவிடும். எது யாருடையது என்று கூடையைச் சுற்றித் தினமும் ஒரு சின்னச் சண்டை நடக்கும். உள்ளே அவர்களைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகத் துணிப்பூக்கள் குவிந்து கிடக்கும். அதில் ஒன்றுகூட வாடாது, ஒன்றுக்கும் வாசனை கிடையாது.

கம்பெனி என்று அப்பாதான் சொல்வார். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி அடுக்கி வைத்திருந்த பழைய கிட்டங்கி ஒன்றை வாடகைக்குப் பிடித்து அதை ஆரம்பித்திருந்தார். அதற்கு முன்பு அவர் ஒரு நூல் மில்லில் மேஸ்திரி. மில்லில் முதலில் ஷிப்டைக் குறைத்தார்கள், பிறகு ஆட்களைக் குறைத்தார்கள், அந்தக் குறைப்பில் அப்பாவும் ஒருவர். துணியில் பூச் செய்து கப்பலில் அனுப்பினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று தூத்துக்குடியில் ஏற்றுமதிக் காரியங்களைப் பார்க்கும் ஏஜெண்ட் ஒருவர் சொன்னதைக் கேட்டு, அம்மாவின் கழுத்திலும் கையிலும் இருந்ததை வைத்து இறங்கிவிட்டார். துணியை இதழாக வெட்டி, பசையில் முக்கிக் காயவைத்து, சூடேறிய இரும்புக் குமிழில் அழுத்தினால் இதழ் அழகாகக் குழிந்துகொள்ளும். கம்பியில் கோத்துப் பச்சை டேப்பைச் சுற்றினால் பூ தயார். பெண்கள் இரண்டே வாரத்தில் கற்றுக்கொண்டார்கள். அப்பாவுக்கு மட்டும் கடைசிவரை ஒரு பூக்கூடச் சரியாகச் செய்ய வரவில்லை.

பூ வைக்கக் கூடாது என்ற சட்டத்துக்குக் காரணம் இருந்தது. பெட்டிக்குள் ஒரு மல்லிகை மொட்டு தவறி விழுந்தாலும் போதும். கடல் காற்றின் ஈரத்தில் அது அழுகி, பூஞ்சை பிடித்து, பக்கத்திலுள்ள வெள்ளைத் துணியையெல்லாம் நாசம் பண்ணிவிடும். எங்கள் சரக்கு ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டியது. அங்கே கல்யாண மண்டபங்களை ஜோடிப்பதற்காக வாங்கினார்கள். அந்த ஊர்க்காரர்கள் பச்சை இலையைக் கண்டால் பதறிப்போவார்களாம், செருப்படியில் ஒட்டிய மண்ணைக்கூடப் புரட்டிப் பார்ப்பார்களாம். ஏஜெண்ட் சொன்னதை அப்பா வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பெட்டிக்குப் பெட்டி ஈரத்தை உறிஞ்சுகிற சின்ன வெள்ளைப் பொட்டலங்களைப் போட வைத்தார். மழை பெய்தால் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, உள்ளே வெந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்.

வாசலில் தலைகளைச் சோதிக்கும் பொறுப்பை ஒரு பெண் தானாகவே எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் பதவி கொடுக்கவில்லை. ஆனாலும் எல்லோரும் அவளைச் சூப்பர்வைசரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு கனகாம்பர இதழ் தரையில் கிடந்தாலும் அன்றைக்கு விசாரணை நடக்கும். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது என் சடையையும் அவள் புரட்டிப் பார்த்துத்தான் உள்ளே விடுவாள்.

பெட்டியில் பூவை அடுக்குவது அத்தையின் வேலை. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. இரண்டு பேருக்கும் வயது வித்தியாசம் அதிகம். தாத்தாவும் ஆச்சியும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அத்தையைத் தலைவாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வளர்த்ததே அப்பாதான். துணிப்பூவுக்கு எடை கிடையாது. அதனால் கப்பல்காரர்கள் அது அடைக்கிற இடத்துக்குத்தான் வாடகை வாங்குவார்கள். பெட்டியைத் தூக்கினால் வெறும் பெட்டியைத் தூக்கியதுபோல இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவுக்கு வயிறு எரியும். "காத்துக்கு வாடகை குடுத்துக்கிட்டு இருக்கோம், ஏட்டி" என்று அத்தையின் தலைக்குமேல் நின்று கத்துவார். பூவை நசுக்காமல் காற்றை மட்டும் வெளியேற்ற வேண்டும். ஒரு பூவின் குழிவுக்குள் இன்னொரு பூவின் முதுகு போய் உட்கார வேண்டும், காம்புகள் மாறி மாறிப் படுக்க வேண்டும். அத்தை அடுக்கினால் மற்றவர்கள் அடுக்கியதைவிடப் பெட்டிக்கு ஒரு வரிசை கூடுதலாகப் பிடிக்கும், வெளியே எடுத்து உதறினால் பூ பழையபடி நிமிர்ந்துகொள்ளும். அத்தை எதையும் மறக்கிறவளும் இல்லை. கத்தரிக்கோல் எங்கே, டேப் எங்கே, எந்தப் பெட்டியில் பொட்டலம் போடவில்லை என்று எல்லாம் அவளைக் கேட்டால் போதும்.

இருந்தாலும் அப்பா நாள் முழுவதும் அவளைத்தான் வைவார். அம்மாவை ஒரு சொல் சொல்ல மாட்டார், வேலைக்கு வந்த பெண்களைச் சொல்ல மாட்டார், என்னையும் அதிகம் சொல்ல மாட்டார். அத்தைக்கு மட்டும் காலையில் எழுந்ததிலிருந்து மூதி, கூறுகெட்ட கழுதை, கண்ணை எங்கே அடகு வைத்தாய் என்று ஓயாத அர்ச்சனை நடக்கும். தான் தொலைத்த சாவிக்கும் அவளைத்தான் வைவார். அத்தை தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். "சரிண்ணே" என்பாள். அப்பா அரை நாள் சத்தம் போடாமல் இருந்துவிட்டால் அடுக்களைக்குப் போய் அம்மாவிடம், "அண்ணன் சத்தத்தக் காணுமே மதினி, மேலுக்கு முடியலையா?" என்று கேட்பாள். அம்மா போய் அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள்.

அத்தைக்கு முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. ஜாதகத்தில் செவ்வாய் எங்கேயோ உட்கார்ந்திருந்தது. வந்த இடங்களெல்லாம் காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டன. அந்த வருஷம்தான் வத்திராயிருப்பிலிருந்து ஒரு இடம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பஸ் ஓட்டுகிறவர். முன்நெற்றி கொஞ்சம் ஏறியிருந்தாலும் நல்ல மனிதர். பெண் பார்க்க வந்தபோது என்னிடம்தான் அதிகம் பேசினார். சரக்கு போய்ச் சேர்ந்து பணம் வந்ததும் தையில் கல்யாணம் என்று முடிவானது. அப்பாவிடம் வேறு எதுவும் மிச்சமில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். கப்பல் கரை சேர்ந்தால் அத்தையும் கரை சேர்வாள் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஐப்பசி மழையில்தான் அந்தச் சரக்கு கிளம்ப வேண்டியிருந்தது. பெட்டிகள் சுவரோரம் கூரையைத் தொட நின்றன. மேல் மடிப்பை மூடி டேப் ஒட்டுவது ஒன்றுதான் பாக்கி. அன்றைக்குக் காலையில் அத்தை ஆண்டாள் கோயிலுக்குப் போய்வர வேண்டும் என்றாள். அப்பா பிடித்துக்கொண்டார். பெட்டியெல்லாம் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்போது மூதிக்குக் கோயில் கேட்கிறதா என்றார். பெட்டியை யார் ஒட்டுவது, உன் மாமியாரா என்றார். வைதுகொண்டே சட்டைப் பையிலிருந்து பஸ்ஸுக்கும் எடுத்துக் கொடுத்தார். நானும் அத்தையும் வாசலைத் தாண்டும்போது, "ஏட்டி, பஸ்ஸுல தூங்கிப்போயி கிருஷ்ணன்கோயில்ல எறங்கிராத" என்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தை தெருமுனை வரை திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அரை மணி நேரப் பயணம்தான். சன்னதியில் கூட்டம் அதிகமில்லை. கல்யாணமாகாத பெண்கள் ஆண்டாளுக்குச் சாத்திய மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிரகாரத்தைச் சுற்றி வந்தால், மாலை வாடுவதற்குள் நல்ல காரியம் கூடிவரும் என்பார்கள். பட்டர் மாலையைக் கொடுத்தார். துளசியும் செவந்தியும் சம்பங்கியும் சேர்த்துக் கட்டிய கனமான மாலை. அத்தை அதைப் போட்டுக்கொண்டு சுற்றும்போது நான் பின்னால் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவள் யாரோ புதிய ஆள்போல இருந்தாள். நிமிர்ந்து நடந்தாள். மாலையில் இருந்த தண்ணீர் பட்டு ரவிக்கை நனைந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. வெளியே வந்ததும் எனக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்தாள். மாலையை வாழையிலையில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் முழுவதும் துளசி மணந்தது.

ராஜபாளையத்தில் இறங்கி நேராகக் கம்பெனிக்குத்தான் போனோம். அப்பா அங்கே இல்லை. லாரி பேசப் போயிருந்தார். வாசலில் சூப்பர்வைசரக்கா பொட்டலத்தைப் பார்த்து என்னவென்று கேட்டாள். அத்தை இலையைப் பிரித்துக் காட்டினாள். அவ்வளவுதான், சூப்பர்வைசரக்கா கையை முந்தானையில் துடைத்துவிட்டு, குனிந்து, ஒரு துளசி இலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உள்ளே இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். பசை பட்ட கைகளையெல்லாம் கழுவிக்கொண்டு வந்து ஆளுக்கொரு இதழ் வாங்கி ஒற்றிக்கொண்டார்கள். அம்மாவும் ஒற்றிக்கொண்டாள். ஆணியில் தொங்கிய கூடையில் அவர்கள் பூவெல்லாம் வதங்கிக்கொண்டிருந்தன. அந்தக் கூடையின் நினைப்பு அங்கே ஒருவருக்கும் வரவில்லை.

அத்தை மாலையைப் பிரித்தாள். ஒவ்வொரு பெட்டியாகப் போய், மேல் வரிசைப் பூக்களை விலக்கி, கொஞ்சம் துளசியும் ஒரு செவந்தியுமாக உள்ளே வைத்து மூடினாள். கல்யாணம் முடிகிறவரை மாலையை வீட்டில் சாமி படத்துக்குத்தானே போட்டு வைக்க வேண்டும் என்று ஒருத்தி கேட்டாள்.

"எங் கல்யாணம் வீட்லயா இருக்கு? இந்தப் பெட்டியிலல்லா இருக்கு" என்றாள் அத்தை.

அது எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆண்டாள் மாலை மதுரைக்குப் போகிறது, திருப்பதிக்குப் போகிறது. கடல் தாண்டிப் போகக் கூடாதா என்ன என்று சூப்பர்வைசரக்காவே சொன்னாள். அத்தை வைத்துக்கொண்டே போக, அம்மா பின்னாலேயே டேப் ஒட்டிக்கொண்டே வந்தாள். அன்றைக்கு வேலை சிரிப்பும் பேச்சுமாக நடந்தது. அப்பா வந்து பார்த்து, எல்லாப் பெட்டியும் ஒட்டி முடிந்திருப்பதில் ஆச்சரியப்பட்டு, டேப்பைக் கோணலாக ஒட்டியதற்காக அத்தையை வைதார். ஒட்டியது அம்மா.

லாரிக்குத் தேங்காய் உடைத்தோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். அது தெருவைத் திரும்பி மறையும்வரை எல்லோரும் வெளியே நின்றோம். பிறகு கப்பல் கிளம்பிவிட்டதாக ஏஜெண்ட் செய்தி அனுப்பினார். கப்பல் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று அப்பாவின் போனில் பார்க்க முடிந்தது. நீலத் திரையில் ஒரு சின்ன அம்புக்குறி. சாப்பிட்டு முடித்ததும் நானும் அத்தையும் அப்பாவிடம் போனை வாங்கி அந்த அம்புக்குறியைப் பார்ப்போம். அது நகர்ந்ததாகவே தெரியாது. ஆனால் மறுநாள் பார்த்தால் வேறு இடத்தில் இருக்கும். கொழும்பைத் தாண்டியது, சிங்கப்பூரில் நின்றது, பிறகு பெரிய நீலத்துக்குள் இறங்கியது. அத்தை விரல் நுனியால் அதைத் தொட்டுவிட்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். போன் திரையில் எண்ணெய்க் கையை வைத்துவிட்டாள் என்று அப்பா வைவார். அந்த நாட்களில் அப்பாவின் வசவு உச்சத்தில் இருந்தது. ஜவுளி எடுக்கப் போன இடத்தில், கடைக்காரர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, உனக்கெல்லாம் எதற்குப் பட்டு என்று வைது, இருந்ததிலேயே நல்ல பட்டை எடுத்துக் கொடுத்தார்.

மார்கழியில் ஒரு காலை, பெண்கள் அடுத்த ஆர்டருக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது ஏஜெண்ட் பேசினார். ஆஸ்திரேலியாவில் பெட்டிகளைத் திறந்து பார்த்துச் சரக்கைத் தடுத்து வைத்திருக்கிறார்கள் என்றார். பிறகு போனில் படங்கள் வந்தன. நான் அப்பாவின் பக்கத்தில்தான் இருந்தேன். முதல் படத்தில் திறந்த பெட்டி. வெள்ளைப் பூக்களின்மேல் சாம்பலும் பச்சையுமாகப் படர்ந்த கறை. அடுத்ததில் நீல உறை மாட்டிய ஒரு கை, சிறிய இடுக்கியால் கறுப்பாக எதையோ தூக்கிப் பிடித்திருந்தது. அதற்கடுத்ததில் கடுகைவிடச் சின்னப் பூச்சிகள்.

அப்பா முதலில் அது நம் பெட்டியே இல்லை என்றார். பெட்டியின் பக்கவாட்டில் அத்தை மையால் பதித்த கம்பெனிக் குறி தெரிந்தது. அப்புறம் சூப்பர்வைசரக்காவைக் கூப்பிட்டு, யார் பூ வைத்துக்கொண்டு உள்ளே வந்தது என்று கேட்டார். அவள் தன் பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தாள், ஒருத்தியைக்கூட விட்டதில்லை என்று. அவள் பொய் சொல்லவில்லை. அப்பா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். அந்தக் கறுப்பு, காம்பும் இலையுமாக விரிந்தது. ஒரு பெட்டியில் யாரோ தெரியாமல் போட்டிருக்கிறார்கள், ஒன்றைத் தள்ளிவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுப் பார்ப்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அத்தை அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்று படத்தைப் பார்த்தாள்.

"அது பூ இல்லண்ணே" என்றாள். "ஆண்டா மாலைத் துளசி. சாமி மேல கெடந்து எறங்குனது. நாந்தான் போட்டேன்."

அப்பா திரும்பினார்.

"எல்லாப் பெட்டியிலயும் போட்டேன்ணே."

வெட்டும் சத்தம் நின்றுவிட்டது. அத்தை தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வசவு வாங்கும்போது வழக்கமாக நிற்கிற மாதிரிதான் நின்றாள், சிரிப்பு மட்டும் இல்லை. நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். கூரை பிய்த்துக்கொண்டு போகும் என்று நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருந்தேன். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது.

"சரிம்மா" என்றார். எழுந்து வெளியே போய்விட்டார்.

அப்பா அத்தையை 'அம்மா' என்று கூப்பிட்டு நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. பிறகு எப்போதும் அப்படியே கூப்பிட்டார்.

சரக்கை அந்த ஊரிலேயே எரித்துவிட்டார்கள். எரிக்கிற செலவும் எங்கள் தலையில்தான் விழுந்தது. யார் கேட்டாலும் அப்பா, தான்தான் கோயில் துளசியைப் பெட்டியில் போட்டதாகச் சொன்னார். ஏஜெண்டிடமும் அப்படித்தான் சொன்னார். வத்திராயிருப்பிலிருந்து மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் வந்தபோதும் அதையே சொன்னார். அறிவுகெட்டு நான் செய்த வேலை என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அத்தை கதவுக்குப் பின்னால் நின்று கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் மரியாதையானவர்கள். சாமி விஷயம், யாரைக் குற்றம் சொல்வது என்றார்கள். கல்யாணத்தைக் கொஞ்ச நாள் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். தை போனது, மாசியும் போனது. பங்குனியில் அந்த மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டதாகப் பஸ்ஸில் பார்த்த யாரோ அம்மாவிடம் சொன்னார்கள். அப்போதும் வீட்டில் ஒரு சத்தமும் எழவில்லை. எனக்கு ஆண்டாள்மேல்தான் ஆத்திரம் வந்தது. அவள் தன் துளசியைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாதா?

கம்பெனியை மூடினோம். இரும்புக் குமிழ்களையும் வெட்டும் அச்சுகளையும் சிவகாசிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் ஏற்றிக்கொண்டு போனார். கடைசி நாளில் சூப்பர்வைசரக்கா கணக்கு முடிக்க வந்தாள். உள்ளே வந்து பாதி தூரம் நடந்த பிறகு ஞாபகம் வந்து, கொண்டையிலிருந்த பிச்சிப்பூவைக் கழற்றக் கையைக் கொண்டுபோனாள். "இருக்கட்டும் தாயி" என்றார் அப்பா. அவள் அங்கேயே நின்று அழுதாள்.

அப்பா ஒரு நைட்டி கம்பெனியில் பண்டல் கட்டும் வேலைக்குப் போனார். வீட்டில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அப்பா அத்தையிடம் சாப்பிட்டியாம்மா என்று கேட்பார், கொஞ்சம் தண்ணி குடும்மா என்பார். சாவி காணாமல் போனால் தானே தேடி எடுத்துக்கொள்வார். எனக்கு அது பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் எங்கள் டீச்சர், வீட்டில் பெரியவர்கள் எப்படி மரியாதையாகப் பேச வேண்டும் என்று பாடம் நடத்தும்போது, எங்கள் வீட்டில் அப்படித்தான் பேசுகிறார்கள் என்று எழுந்து நின்று சொன்னேன்.

அத்தைதான் மாறிப்போனாள். எதையும் மறக்காதவளுக்குக் கை நழுவ ஆரம்பித்தது. குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். அப்பா ஒன்றும் சொல்லாமல் மோர் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்தார். பால் பொங்கி அடுப்பில் வழியும்வரை அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் வரும் நாளில் குழாயைத் திறந்தபடி விட்டுவிட்டு, தெருவெல்லாம் ஓட, வாசல்படியில் நின்று அப்பா வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வந்து குழாயை மூடினார். "பரவால்லம்மா" என்றார். அவர் வேலைக்குப் போட்டுப் போகும் வெள்ளைச் சட்டையை ஒரு நாள் என் சிவப்புப் பாவாடையோடு சேர்த்து ஊறப் போட்டாள். அப்பா அந்த ரோஸ் நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டு வந்தார். நான் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. அன்றைக்கு அடுக்களையில் அம்மாவிடம், "அண்ணன் சத்தத்தக் காணுமே மதினி" என்றாள். அம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்க்க எழுந்து போகவில்லை.

வைகாசியில் அத்தை திருப்பூருக்குக் கிளம்பினாள். பனியன் கம்பெனியில் பெட்டி கட்டுகிற வேலை, தங்குவதற்கு ஹாஸ்டல். கம்பெனியில் இருந்த ஒரு பெண் அங்கே போயிருந்தாள், அவள் மூலமாகப் பேசியது. அப்பாவிடம் அத்தை கேட்டபோது, போக வேண்டாம் என்று அவர் சொல்வார் என்றுதான் நான் நினைத்தேன். உனக்கு எது நல்லதுன்னு படுதோ அப்படிச் செய்யும்மா என்றார். அத்தை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, பெட்டியை அடுக்கப் போனாள். நசுங்காமல், ஒரு துளி இடம் வீணாகாமல் அடுக்கினாள். பட்டுச்சேலையை எடுத்துக்கொள்ளவில்லை.

பேருந்து நிலையத்துக்கு நானும் போனேன். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வழியில் சாப்பிட அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறும் தண்ணீர்ப் பாட்டிலும் ஒரு துணிப்பையில் இருந்தன. அத்தை அதைத் தன் கையிலேயே வைத்திருந்தாள். திருப்பூர் பஸ் வரும்வரை சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு மாங்காய்ச் சீவல் வாங்கிக் கொடுத்தார் அப்பா. பஸ் வந்தது. அப்பா ஏறி, ஜன்னலோரமாக இடம் பிடித்து, பெட்டியை மேலே வைத்துவிட்டு இறங்கினார். அத்தை பையைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு ஏறிப் போய் உட்கார்ந்தாள்.

நான்தான் பார்த்தேன். அப்பாவிடம் காட்டினேன். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். அப்பா பையை எடுத்துக்கொண்டு ஓடினார். வேட்டி தடுக்கி ஒரு தடவை விழப் பார்த்தார். பஸ்ஸின் பக்கத்தைத் தட்டிக்கொண்டே போய் ஜன்னலை எட்டிப் பிடித்தார். அத்தை கம்பியில் முகத்தை வைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டவில்லை. மூச்சிரைக்க நின்ற அப்பாவின் வாயை அவள் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. சின்னப் பிள்ளைகள் தின்பண்டம் வைத்திருக்கிற கையை அப்படிப் பார்ப்பார்கள்.

அப்பா பையை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தார்.

"இந்தாம்மா. பாத்துப் போயிட்டு வாம்மா" என்றார்.

அத்தை பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு தலை குனிந்தது. பஸ் திரும்பும்போது அவள் தோள்கள் குலுங்கியதை நான் பார்த்தேன். ஊரைவிட்டுப் போகிறதால் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது, அத்தைக்கு இப்போதெல்லாம் மறதி ரொம்ப அதிகமாகிவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். ஆமாம், பாவம் என்றார் அப்பா. அவர் அவளை மன்னித்துவிட்டதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தார். சாகும்வரை நம்பினார். அதற்கப்புறம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்ததெல்லாம் விருந்தாளியாகத்தான். பழம் வாங்கிக்கொண்டு வருவாள், சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விடுவாள். அந்தப் பையை அவள் மறந்து வைக்கவில்லை என்பது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை. ஏட்டி கூறுகெட்ட மூதி, கண்ண எங்கடி வச்சிருக்க என்று ஒரே ஒரு தடவை அவர் கத்தியிருந்தால், அவள் அந்தப் பஸ்ஸிலிருந்து இறங்கியிருப்பாள்.